முச்சந்தியில் வீசிய கறுப்புப் பொட்டலம்

எனக்கு ஒன்பது வயதில், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய் சுருங்கியிருந்தது. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் தொடை வழியாகக் கம்பி விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்தபடியே அதை விரித்தார்கள். டாக்டர், நர்ஸ் எல்லோரும் கதிர் படாமலிருக்க ஈயக் கோட்டு மாட்டிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் நெஞ்சில் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புப் பொட்டலம். என் மேல் எவ்வளவு கதிர் படுகிறது என்று அது அளக்குமாம். படுகிறவளுக்குக் கோட்டு கிடையாது, அளவு மட்டும் உண்டு. என்ன நியாயமோ.

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத்தில் பம்பு உதிரிபாகம் கடையும் அப்பாவுக்கு அதில் பரம திருப்தி. அளவு என்று ஒன்று இருந்தால் போதும் அவருக்கு.

வார்டுக்கு வந்ததும் அவர் டீ குடிக்கப் போய்விட்டார். காலை மடக்கக் கூடாதென்று நான் கட்டையாய்க் கிடந்தேன். துணைக்கிருந்த அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், என் நெஞ்சிலிருந்து பொட்டலத்தைப் பிய்த்தெடுத்தாள். கதிரெல்லாம் அதில்தான் ஊறிக் கிடக்கிறது, பிள்ளை மேல் இருக்கலாமா என்பது அவள் எண்ணம். தொண்டாமுத்தூரிலிருந்தே முடிந்து வந்திருந்த உப்பு மிளகாயோடு அதையும் சேர்த்து, என்னை மூன்று சுற்றுச் சுற்றி, வெளியே முச்சந்தியில் வீசிவிட்டு நிம்மதியாக வந்து உட்கார்ந்தாள்.

பொட்டலத்தை வாங்க அளவெடுக்கும் பெண் வந்தார். கூடவே அப்பாவும். சுற்றிப் போட்டுவிட்டதாக அத்தை சொன்னாள்.

"ஏனுங்க்கா, அளவுக்கு வெச்சதையா வீசிப்போட்டீங்க?" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு. எங்கள் வீட்டில் எவ்வளவு கோபத்திலும் 'ங்க' மட்டும் போகாது.

அத்தை அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "அளந்தா பட்டது கொறஞ்சிருமுங்களா அம்மணி?"

"கொறையாதுங்க. பாப்பா வளர வளர இன்னும் ரெண்டு மூணு தடவ இதைச் செய்யணுமில்லீங்களா? இது தெரிஞ்சாத்தான் அப்பக் கதிரைக் கொறைச்சு வெக்க முடியுமுங்க."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். அத்தையிடம் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவள் செருப்புக்கூடப் போடாமல் எழுந்து போனாள்.

உச்சிவெயிலில், வண்டி ஏறி நசுங்கின மிளகாய்க்குள் துழாவிப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். முந்தானையில் துடைத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். பிறகு அதே கையால் என் கன்னத்தைத் தடவினாள். எரிந்தது.

"கையக் கழுவீட்டு வரத் தெரியாதுங்களா அத்தை?" என்று கத்தினேன்.

"மறந்துபோட்டேன் கண்ணு" என்றாள். கையை எடுக்கவில்லை.

அப்பாவுக்குப் பயந்துதான் ஓடினாள் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு மூன்று தடவை என்று சொன்னது என்னைத்தான் என்பதே எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.