சந்து முனையில் என் கார்

ஜனவரி 23, பிற்பகல் இரண்டு நாற்பது, காற்றில்லாத வெயில். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு ரப்பர் ஊர்.

வாடகைக் காரைச் சந்து முனையில், பலா நிழலில்தான் நிறுத்த வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். டிரைவர் சாவியோடு சாயா குடிக்கப் போயிருக்கிறார். சந்துக்குள் ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் புரை எரிகிறது. அதை ஒட்டி ஒரு வீடு. தீயணைப்பு வண்டி என் காருக்குப் பின்னால் நிற்கிறது.

நரைத்த மீசையோடு நிலைய அலுவலர் குதித்து இறங்குகிறார்.

"யாருக்க வண்டி இது?"

"நான் வந்த வண்டிதான். சாவி இல்லை."

அவர் விசில் ஊதுகிறார். அவர் பயிற்சி கொடுத்துவைத்த ஊர்க்காரர்கள் தோட்டங்களிலிருந்து ஓடிவருகிறார்கள். எண்ணுகிறேன், பதினொரு பேர்.

"மக்கா, எல்லாரும் பிடியுங்க! தூக்கு!"

கார் மதிலோரம் போகிறது. பக்கக் கண்ணாடி நொறுங்குகிறது. தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைகிறது, தண்ணீர் தீமேல் பாய்கிறது. புரை போயிற்று, வீடு தப்பியது.

"கண்ணாடி போச்சே அய்யா," என்று அலுவலர் சிரிக்கிறார். "முப்பது வருஷ சர்வீஸ்ல தீயை அணைச்சதைவிட வண்டியைத் தூக்கினதுதான் கூடுதல். இந்த மாசத்தோட ரிட்டயர்டு."

"அப்புறம் யார் விசில் ஊதுவது?"

"யாரு ஊதினாலும் இவனுவ வருவானுவ."

டிரைவர் கண்ணாடிக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் கேட்கிறார். பேரம் பேசாமல் கொடுக்கிறேன்.