அவர் பேரில் வந்த பெட்டி

வடக்கே இருக்கும் அந்தப் பெரிய விமான நிலையத்துக்கு ஒரு தேசியத் தலைவரின் பெயரைச் சூட்டிய செய்தியை நான் படித்தேன். கம்பம் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில், நாளிதழின் ஏழாம் பக்கத்தில், பதினொரு வரி. வாய்விட்டே படித்தேன். கடையில் அப்போது ஆறு பேர் இருந்தோம்.

“பேர மாத்துனா பிளேனு இன்னுங் கொஞ்சம் ஒசரப் பறக்குமாக்கும்?” என்றார் வாழைக்காய் மண்டிக்காரர்.

“நம்ம பஸ்ஸுல இருந்த தலைவர் பேரயெல்லாம் அழிச்சாக. பஸ்ஸு நின்னா போச்சு? அது பாட்டுக்கு ஓடுது, இது பாட்டுக்குப் பறக்கட்டும்” என்றார் டீ ஆற்றியவர்.

நான் சிரிக்கவில்லை. பெயர் மாறினால் டிக்கெட் மாறும், முத்திரை மாறும், குழப்பம் வருமே என்றேன். எதற்கெடுத்தாலும் பதறுகிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். முப்பத்து நான்கு வருடம் பொதுப்பணித் துறையில் இருந்து முல்லையாற்றின் நீர்மட்டத்தைக் காலை ஆறு மணிக்குக் குறித்தவன். ஓர் அங்குலம் ஏறினாலும் எனக்குக் கவலை, இறங்கினாலும் கவலை.

என் இளைய மகன் வளைகுடாவுக்கு அந்த விமான நிலையம் வழியாகத்தான் போனான். இரண்டு முறை போனான். ஒரு முறை வந்தான். அவன் எழுதிய இருபத்தாறு கடிதங்களிலும் பழைய பெயர்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் யார் வாயிலும் புதுப் பெயர் ஏறவில்லை. படித்துக் காட்டிய நானும் மறந்துபோனேன்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து அவன் இறந்தான். வேலை செய்த கட்டடத்தில் மின்சாரம் தாக்கியது. வயது இருபத்தொன்பது. எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. தகவல் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் வந்தது. பூத் வைத்திருந்த உத்தமபாளையத்துக்காரர் என்னை மாமா என்று கூப்பிடுவார். அன்று மாமா என்று மட்டும் நான்கு முறை சொல்லிவிட்டு நின்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கொடியில் காய்ந்த வேட்டிகளை எண்ணினேன். மூன்று. என் மனைவி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

“எம்புள்ள மொகத்த ஒருக்காப் பாத்துட்டாப் போதும். பொறகு நீங்க என்னமும் செஞ்சுக்கங்க.”

அன்று இதைப் பத்தொன்பது முறை சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகலில் பூத்துக்கு இரண்டாவது அழைப்பு வந்தது. பேசியவர் மகனோடு தங்கியிருந்த மலையாளி. இரைச்சலுக்கு நடுவே அவர் சொன்னதை பூத்காரர் ஒரு வாழைக்காய் மண்டிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு ஓடிவந்தார். ‘பெட்டி புதன்கிழமை வரும். இன்னார் பேரில் வரும். ஆள் போய்க் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும்.’ இன்னார் என்று நான் சொல்லும் இடத்தில் அந்தத் தலைவரின் பெயர் இருந்தது.

அந்தப் பெயரைக் கேட்டால் எங்களுக்குத் தலைவர் நினைவு வராது. கம்பத்து விசா ஏஜென்ட்தான் நினைவுக்கு வருவார். என் மகனை அனுப்பிவைத்தவரும் அவரே. அவருடைய அப்பா பழைய கட்சிக்காரர். பிள்ளை பிறந்ததும் தலைவர் பெயரை வைத்துவிட்டார்.

பிறகு அந்த ‘பேரில்’. எங்கள் பக்கம் திராட்சையோ வாழைத்தாரோ லாரியில் ஏறினால் யாராவது ஒருவர் ‘பேர்ல’தான் போகும். யார் பேரில் வருகிறதோ அவர் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு இறங்கும். வேறு ஆள் தொடக் கூடாது. சீட்டைப் படித்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஒரே அர்த்தம்தான் பட்டது.

“ஏஜென்ட் பேர்ல புக் பண்ணிட்டாகப்பா. அவரு எடுத்தாந்து வீட்டுல சேத்துருவாக” என்றார் மண்டிக்காரர்.

ஏஜென்ட் ஊரில் இல்லை. ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் விஷயமாகப் போயிருந்தார். நானும் மூத்த மகனும் அவர் வீட்டுக்கு நடந்தோம். எங்கள் வாசலிலிருந்து அறுநூற்றுப் பத்துக் காலடி. புதன் போனது, வியாழன் போனது, வெள்ளி போனது. மொத்தம் ஒன்பது தடவை நடந்தோம். ஒவ்வொரு தடவையும் அவருடைய தாயார் ஒரு செம்புத் தண்ணீர் தந்து, “வந்துருவான்யா, அங்கன போனா போன் கெடைக்காது” என்றார்.

“நம்ம புள்ளயத் தன் பேர்ல வாங்கி வச்சுக்கிட்டு இவுக ஏலக்கா பாக்கப் போயிட்டாக!” என்று மூத்தவன் தெருவில் நின்று கத்தினான். நான் தடுக்கவில்லை. வீட்டில் என் மனைவி வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு ஏஜென்ட் ஜீப்பிலிருந்து இறங்கினார். “பெட்டி எங்க? ஒங்க பேர்லதான வந்துருக்கு!” என்று மூத்தவன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“எம் பேர்லயா? எம் பேர்ல எதுக்குப்பா வருது?” என்றார். “என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே மாமா.”

சீட்டை நீட்டினேன். படித்தார். இரண்டாம் தடவை படித்தார். பையைத் திறந்து வேறு யாருக்கோ எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை உருவி, ஒரு வரிமேல் விரலை வைத்தார். விமான நிலையத்தின் பெயர். அவருடைய பெயரேதான், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்.

“இந்தா பாருங்க, எம் பேரத்தான...” என்று சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். “மாமா, புள்ள அங்கன கெடக்குது மாமா. புதன்கெழமலேர்ந்து கெடக்குது.”

அப்போதுதான் எனக்கு ஏழாம் பக்கம் நினைவுக்கு வந்தது.

மூத்தவன் அன்றே மதுரைக்குப் போய் ரயிலேறினான். ஏஜென்டும் கூடவே போனார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. சாயங்காலம் பூத்காரர் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார்.

“மாமா, அவரு ‘பேரிலுள்ள ஏர்போர்ட்’டுன்னுதான் சொன்னாரு. பெட்டி ஏர்போர்ட்டுலதான வரும், அத எதுக்கு எழுதணும்னு நாந்தான் விட்டுட்டேன்.”

“நீ என்ன செய்வ மாப்ளே. நான் பதினொரு வரியப் படிச்சவன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் எனக்குத் தெம்பில்லை.

பெட்டி செவ்வாய்க்கிழமை வரை அங்கே கிடங்கில் கிடந்தது. ஆறு நாள். புதன்கிழமை விமானத்தில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து வேனில் வீட்டுக்கு வந்தது. நீளம் ஆறே கால் அடி. மூடியைச் சுற்றிப் பதினான்கு ஆணி. கூட வந்த காகிதத்தில், திறக்கக் கூடாது என்று இருந்தது. வந்த அன்றே எடுத்திருந்தால் முகத்தை மட்டும் காட்டியிருக்கலாம், நாள் கடந்துவிட்டது என்று அங்கிருந்த டாக்டர் மூத்தவனிடம் சொன்னாராம். அதை அவன் என்னிடம் மட்டும் சொன்னான்.

மனைவியிடம் திறக்க முடியாது என்பதை மட்டும் சொன்னேன். அவள் பெட்டியின் தலைப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெட்டிமேல் ஒட்டியிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்து காகிதங்கள். நான்கில் விமான நிலையத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. என் மகன் பெயர் ஒன்றில் இருந்தது, கால்மாட்டில், பேனாவால் எழுதி, பாதி நனைந்து.

கொட்டை எழுத்தின்மேல் அவள் உள்ளங்கையை வைத்தாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவினாள். பிறகு குனிந்து கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

“இதுதான எம்புள்ள பேரு?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றேன்.