வெள்ளிக்கிழமை தொலையும் வழி

பஸ்லியா ஏழு வருடம் முன்மேசையில் இருந்து போத்தல்களில் பெயர் ஒட்டினாள். சம்மாந்துறையில் படித்து வாங்கிய கணினி டிப்ளோமா வீட்டு அலுமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. கல்முனையில் அவள் வேலை செய்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினிகளை றமீஸ் என்பவன் பார்த்துக்கொண்டான். அவன் கட்டாருக்குப் போக விசா வந்ததும், முதலாளி முனாஸ் ஹாஜியார் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று பேச்செடுத்தார். அன்றைக்கே பஸ்லியா அவருடைய அறைக் கதவைத் தட்டினாள்.

"எனக்குத் தாங்க சேர். மூணு மாசம் பாருங்க. ஏலாட்டி நானே சாவியக் கொண்டுவந்து தாறன்."

ஹாஜியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஏழு வருடத்தில் அவள் எதையும் கேட்டதில்லை. சேர்வர் அறைச் சாவி அன்று அவள் கைக்கு வந்தது. அதை அவள் கைப்பையின் வெளிப்புறத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டாள். பெருமைதான், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

சாவியோடு ஒரு வியாதியும் சேர்ந்து வந்தது. கூடத்துக்கு ஒலுவிலில் ஒரு கிளை உண்டு. அங்கே இரத்தம் எடுப்பார்கள். போத்தல்கள் வான் வண்டியில் கல்முனைக்கு வரும். பெயர் விபரம் கணினி வழியாக வரும். முடிவும் அதே வழியாகத் திரும்பிப் போகும். டெங்குக் காலத்தில் அந்த முடிவுக்காகத் தாய்மார் ஒலுவிலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். வாரம் முழுவதும் ஒழுங்காக ஓடும் அந்த இணைப்பு, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கிளையைத் திறக்கும்போது மட்டும் செத்துக் கிடக்கும்.

"மிஷினும் ஜும்ஆக்குப் போயிட்டு" என்று றமீஸ் பகிடி விடுவான். பிறகு கல்முனையில் இருந்தபடியே ஐந்து நிமிடம் ஏதோ தட்டுவான்; உயிர் வந்துவிடும். எல்லோரும் அவனை மந்திரக்காரன் மாதிரிப் பார்த்தார்கள். வியாதியைத் தீர்த்துவிட்டால் மந்திரக்காரனை யார் தேடப்போகிறார்கள்?

பஸ்லியாவின் முதல் வெள்ளி வந்தது. இரண்டு மணிக்கு இணைப்பு செத்துக் கிடந்தது. அவள் பதறாமல் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு ஊரிலும் ஒவ்வொரு றவுட்டர். எந்தத் தகவல் எந்தப் பக்கம் போகவேண்டும் என்ற வழியை அதற்குள் மனிதன்தான் கையால் எழுதிவைக்க வேண்டும். கல்முனை றவுட்டரில் ஒலுவிலுக்கான வழி இருந்தது. கல்முனை றவுட்டர் வழியாகவே, அதனோடு நேரே தொடுத்திருந்த ஒலுவில் றவுட்டருக்குள் நுழைந்து பார்த்தாள். அங்கே கல்முனைக்குத் திரும்பி வரும் வழியைக் காணோம். வாய்க்கால் வெட்டி, வடிச்சல் வெட்டாத வயல் மாதிரிக் கிடந்தது. அந்த ஒரு வரியை எழுதினாள். இணைப்பு வந்தது. ஒலுவிலில் இருந்து வெளியேறி, தன் வழக்கப்படி எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரேயடியாகச் சேமித்தாள்.

"அக்கா, வந்திட்டு! பேரெல்லாம் வந்திட்டு!" என்று பரிசோதனை மேசையில் இருந்த விதுஷா கத்தினாள். பாண்டிருப்புப் பெண், சந்தோஷத்தையும் கோபத்தையும் ஒரே சத்தத்தில்தான் சொல்வாள்.

அடுத்த வெள்ளி, அதே இரண்டு மணி, அதே சாவு. எழுதிய வரியைக் காணவில்லை. திரும்ப எழுதினாள், திரும்பச் சேமித்தாள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. முன்மேசையில் ஒருத்தி, "றமீஸ் காக்கா இருந்திருந்தா" என்று, சொந்த அண்ணனைத் தேடுகிறவள் மாதிரி, பஸ்லியாவின் காதில் விழும்படியே சொன்னாள். ஹாஜியார் வந்து கையை நீட்டினார். அவள் பையிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"கொழும்புக்காரன் கடிதம் அனுப்பியிரிக்கான்" என்றார் அவர், சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டபடி. "இன்னும் ஒரு மாசம்கூட ஆகல்ல எண்டு எனக்கும் தெரியும். ஆனா காய்ச்சல்காரப் புள்ளைகள வெச்சி நாம படிக்க ஏலா மகள்."

"இந்த வியாதிட வேரக் காட்டிறன் சேர். பொறகு கடிதத்துக்குப் பதில் எழுதுங்க."

மூன்றாம் வெள்ளி காலையில் அவள் லெப்டொப்பையும் ஒரு வயரையும் தூக்கிக்கொண்டு ஒலுவிலுக்கு பஸ் ஏறினாள். பதினொன்றரைக்குப் போத்தல்கள் வான் வண்டியில் போயின; அவற்றின் பெயர்களை ஜும்ஆ முடிந்து வந்துதான் கணினியில் ஏற்றுவார்கள். பன்னிரண்டுக்குக் கிளைப் பொறுப்பாளர் அச்சிமுகம்மது தொப்பியை எடுத்தார். அங்கேயே தங்கும் காவலாளியும் புறப்பட்டார். அவள் மட்டும் எழும்பவில்லை.

"பொம்புளப் புள்ளய உள்ள வெச்சிட்டு எப்பிடித் தங்கச்சி போற?" என்றார் அச்சிமுகம்மது.

"நான் உள்பக்கம் கொண்டி போட்டுக்குவன் காக்கா. நீங்க ஒவ்வொரு வெள்ளியும் செய்யிறதெல்லாம் செய்ங்க. நான் இரிக்கன் எண்டு ஒண்டையும் மாத்த வேணாம்."

அவர் யன்னல்களைச் சாத்தினார். பின்கதவைப் பூட்டினார். பிறகு சுவரோரம் போய்க் கையைத் தூக்கியபடி தயங்கி நின்றார்.

"அப்ப மெயின் சுவிட்சையும் நிப்பாட்டவா? ஃபேன் நிண்டுடும். வேர்க்கும் தங்கச்சி."

பஸ்லியா நிமிர்ந்து பார்த்தாள். "ஒவ்வொரு வெள்ளியும் நிப்பாட்டிறயா காக்கா?"

"ஓம். முன்ன இந்த றோட்டில ஒரு புடவக்கட ஜும்ஆ நேரம் பத்திச் சாம்பலாப் போன. அதுக்குப் பொறகு எல்லாக் கடக்காரரும் நிப்பாட்டிட்டுத்தான் பள்ளிக்குப் போற. ராவைக்குக் காவலாளி படுக்கிற, அப்ப தேவல்ல."

அந்தக் கட்டடம் ஆளில்லாமல் கிடப்பது வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம் மட்டும்தான். இதற்கு முன் பழுது பார்த்த ஆண்கள் எல்லோரும் அந்த நேரத்தில் பள்ளிவாசலில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"நிப்பாட்டுங்க காக்கா" என்றாள்.

இருட்டில், புழுக்கத்தில், றவுட்டரைப் பார்த்தபடி அவள் இருந்தாள். பக்கத்திலிருந்த பற்றரிப் பெட்டி அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. இடைக்கிடை கீச்சென்று கத்தியது. கரண்ட் அரைமணி நேரம் போனால் அது காப்பாற்றும், அதனால்தான் மற்ற நாட்களில் வியாதி தெரியவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு நீளமான சத்தம். பச்சை விளக்குகள் அணைந்தன. அவள் மதியத் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டு, கொண்டுவந்த சோற்றுப்பொதியை அவிழ்த்தாள்.

ஒன்றே முக்காலுக்கு அச்சிமுகம்மது வந்து சுவிட்சைப் போட்டார். றவுட்டர் விழித்தது. அவள் வயரை நேரே அதில் குத்தித் திறந்தாள். திரும்பும் வழியைக் காணோம். ஆனால் அவள்தான் சேமித்தாளே! திரையின் இடது ஓரத்தில் றவுட்டரின் பெயர் மூன்று ஆங்கில எழுத்தில் இருந்தது: ஒலுவிலின் பெயர். சேமித்தபோது அந்த இடத்தில் எந்தப் பெயர் இருந்தது? அவள் கண்ணை மூடி யோசித்தாள். கல்முனையின் பெயர். ஒலுவிலை விட்டு வெளியே வந்த பிறகல்லவா சேமித்தாள்! இரண்டு வாரமும் அவள் கல்முனை றவுட்டரின் புத்தகத்தையே பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறாள். ஒலுவில் புத்தகத்தில் மை காயவே இல்லை. கரண்ட் நின்றதும் அழிந்துபோயிற்று.

"என்ட புத்திய என்ன சொல்ல" என்று வாய்விட்டே சொன்னாள்.

வரியை எழுதினாள். ஒலுவிலின் பெயரைப் பார்த்துக்கொண்டே சேமித்தாள். வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

"காக்கா, இன்னொருக்கா நிப்பாட்டுங்க."

"சனம் நிக்கிது புள்ள!"

"அவங்களுக்காகத்தான் சொல்றன். நிப்பாட்டுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். பற்றரியில் மிச்சம் ஒன்றும் இல்லை. றவுட்டர் உடனே அணைந்தது. திரும்பப் போட்டார். அது விழித்து முடிக்க எடுத்த மூன்று நிமிடமும் பஸ்லியா நாற்காலியில் உட்காரவில்லை. வழி இருந்தது. இரண்டு மணி பத்துக்கு முதல் பெயர் கல்முனைக்குப் போயிற்று.

சனிக்கிழமை ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். றமீஸைச் சொல்லியிருக்கலாம், அச்சிமுகம்மதுவைச் சொல்லியிருக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை தனக்கு வேண்டாம் என்று நினைத்தாள். "ரெண்டு வெள்ளியும் பிழ என்ட, சேர்."

"அப்ப அச்சிமுகம்மதுவ மெயின நிப்பாட்ட வேணாமெண்டு சொல்லுவம்."

"சொல்ல வேணாம் சேர். அவர் கட பத்தாமப் பாக்கிறார். அது நல்ல வேல. அவர் நிப்பாட்டினாலும் ஓட வேணும். அதுதான் என்ட வேல."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "வாற வெள்ளி நீங்க அங்க போகப்படா. இஞ்ச இருங்க. பாப்பம்." சாவி சட்டைப்பையிலேயே இருந்தது.

நாலாம் வெள்ளி அவள் லெப்டொப்பைத் திறக்கவில்லை. திறந்தால் கை சும்மா இருக்காது. ஹாஜியார் பள்ளியிலிருந்து நேரே வந்து விதுஷாவின் பின்னால் நின்றார். இரண்டு மணி. இரண்டு ஐந்து. அந்த நேரம் பஸ்லியாவின் ஃபோன் அடித்தது. ஒலுவில்.

"சத்தத்தப் போடுங்க, எனக்கும் கேக்கட்டும்" என்றார் ஹாஜியார்.

"தங்கச்சி, அச்சிமுகம்மது. மெயின நிப்பாட்டிட்டுத்தான் போன. வந்து போட்டன். இண்டைக்கு ஒண்டும் நடக்கல்ல. இதில என்னமும் பழுதா?"

"என்ன நடக்கல்ல காக்கா?"

"இல்ல, வெள்ளிக்கிழமதானே... மிஷின் சாகல்ல. பேரெல்லாம் போகுது. அதான் பயந்து எடுத்தன்."

விதுஷாவின் திரையில் ஒலுவில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நாலாவது பெயருக்குப் பக்கத்தில், வயது மூன்று, காய்ச்சல் என்று இருந்தது. விதுஷா கத்தாமல் அந்தப் பிள்ளையின் போத்தலைத் தேடப்போனாள். பஸ்லியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"பழுதில்ல காக்கா. இனி அது அப்பிடித்தான்."

ஹாஜியார் சட்டைப்பைக்குள் கையை விட்டார். சாவியை அவள் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, சோறு தின்னப் போனார்.