சித்தியின் அஞ்ஞாதவாசம்

பரீட்சை நாட்களில் என் பேரன் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவான். "பதினைஞ்சு நாள் அஞ்ஞாதவாசம், யாரும் கூப்பிடாதீங்க" என்பான். கொஞ்ச நாள் கண்ணில் படாதவர்களை எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். வீடே சிரிக்கும். நான் மட்டும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அபிராமபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். ஒரு சனிக்கிழமை, அம்மாவின் தங்கை துணிப்பையோடு வந்து நின்றாள். தி.நகரில் தாத்தா அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். சித்திக்கோ நர்ஸ் படிப்பில் சேர ஆசை. புதன்கிழமை காலை நேர்முகத் தேர்வு. இடம் கிடைத்தால் விடுதியில் சேர்ந்துவிடலாம், தாத்தாவை அப்புறம் சமாதானப்படுத்தலாம் என்று அக்காவும் தங்கையும் முடிவெடுத்தார்கள். மறுநாள் தாத்தா ஆள் அனுப்பி விசாரித்தபோது, இங்கே வரவில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஏன் வாசலுக்குக்கூட வரமாட்டேன் என்கிறாய் என்று சித்தியை நச்சரித்தேன்.

"நான் அஞ்ஞாதவாசத்துல இருக்கேன்டா."

வெங்காயம் உரித்துக்கொண்டே விளக்கினாள். ஞாதம் என்றால் தெரிந்தது, அஞ்ஞாதம் என்றால் தெரியாதது. சூதில் தோற்ற பாண்டவர்கள் பன்னிரண்டு வருஷம் காட்டில் இருந்தார்கள். பதின்மூன்றாவது வருஷம் ஊருக்குள், ஆனால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் மறுபடியும் காடு. அதனால் பீமன் விராட மன்னனிடம் சமையல்காரனானான். அர்ஜுனன் பெண் வேடத்தில் நாட்டியம் சொல்லிக்கொடுத்தான். திரௌபதி ராணிக்குத் தலை வாரினாள்.

அந்தச் சொல்லின் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. அன்றிலிருந்து சமைக்கிற சித்திதான் பீமன், அப்பா விராட மன்னன். "பீமா, ரசத்துல உப்பு கம்மி" என்று அவரும் குரல் கொடுப்பார். "நேத்து கரிக்குதுன்னு சொன்னது யாரு மன்னா?" என்று உள்ளேயிருந்து பதில் வரும். எங்கள் வீடு அவ்வளவு கலகலப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாத்தாவே வந்தார். அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். சித்தி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாளில் தாத்தா இளைத்திருந்தார். என்னை மடியில் உட்காரவைத்து, புதிதாக என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். என்னால் அடக்க முடியவில்லை. அஞ்ஞாதவாசத்தின் பொருள், கதை, யார் யாருக்கு என்ன வேஷம், எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "அடேயப்பா!" என்றார். எனக்கு இன்னொரு அடேயப்பா வேண்டியிருந்தது. செய்த சத்தியம் நினைவில் இருந்தது. மறந்துவிட்டுச் சொன்னேன் என்று இந்த வயதில் பொய் சொல்ல மாட்டேன்.

"எங்க வீட்டுலகூட ஒரு பீமன் இருக்காங்க. ஆனா பேரு சொல்ல மாட்டேன்."

தாத்தா சிரிக்கவில்லை. என்னை மெதுவாக இறக்கிவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, "வாம்மா, போலாம்" என்றார். கோபமே இல்லை. கத்தியிருந்தால் சித்தி சண்டை போட்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. கதவு திறந்தது.

அம்மா பால் செம்போடு படியேறி வந்தபோது துணிப்பை கட்டியாகியிருந்தது. விஷயம் தெரிந்ததும் என் முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டாவது விழுவதற்குள் சித்தி குறுக்கே வந்துவிட்டாள். "அடிக்காதேக்கா, அவன் பேரைச் சொல்லவே இல்லையே" என்றாள். என் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரன்டா நீ" என்றாள்.

அடுத்த மாதம் கல்யாணம். சித்தப்பா நல்ல மனிதர்தான். அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டதுண்டு. ஆனால் குடும்பத்தில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும், துணைக்கு அசோக் நகரிலிருந்து முதலில் வந்து நிற்பது சித்தியாகத்தான் இருக்கும். நர்ஸ் ஊசி போடுகிறபோது நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவள் கண் கொட்டாமல் பார்ப்பாள்.

அன்றைக்கு அவள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். மறுநாள் காலை வகுப்பில், உயிரே போனாலும் ரகசியத்தை விடாதவன் என்று பக்கத்துப் பையனிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு வராந்தாவில் சித்தியின் பேரை இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த பெண்ணை உள்ளே அனுப்பியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.