மூட மறுத்த நன்றிகள்

நிஷிவாகி தமாயோ வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில் நிலையம் வரை போவாள். அங்கே போனதும் காஸை அடைத்தோமா என்ற சந்தேகம் வந்துவிடும். திரும்பி வந்து பார்ப்பாள். அடைத்துத்தான் இருக்கும். "நீ ஒரு தடவை வேலைக்குக் கிளம்பறதுக்குள்ள நான் ரெண்டு ட்ரிப் அடிச்சிட்டு வந்துடுவேன்" என்பான் பஸ் ஓட்டும் அவள் கணவன் யாசுஜி. இப்படிப்பட்ட ஒருத்தியைக் கூப்பிட்டு, கம்பெனிக்கு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடு என்று சொன்னால் அவளுக்குச் சோறு இறங்குமா?

கம்பெனி என்பது இஸுமியோட்சு ஊரில் மின்சாரக் கம்பளி தயாரிக்கும் உராஹாமா நிறுவனம். பத்தொன்பது வயதில் தையல் பிரிவில் ஊசி பிடிக்க வந்தவள் தமாயோ. ஒரு குளிர்காலத்தில் வாடிக்கையாளர்களோடு போனில் பேசுகிற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. குரல் நன்றாக இருக்கிறதே என்று இவளை ஒரு நாளைக்கு உட்கார வைத்தார்கள். அந்த ஒரு நாள் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நீண்டுவிட்டது. கம்பளி சூடாகவில்லை, சுவிட்ச் எரியவில்லை, நாய் கடித்துவிட்டது, துவைக்கலாமா கூடாதா என்று நாடு முழுவதிலிருந்தும் வரும் கேள்விகளுக்கெல்லாம் அவள்தான் பதில். கூடவே ஹத்தா, பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து முதுகுவலியோடு இந்தப் பிரிவுக்கு வந்தவர். இரண்டு பகுதிநேரப் பெண்களும் உண்டு.

கேள்விகள் முன்பு போனில் வந்தன, இப்போது பாதிக்கு மேல் மின்னஞ்சலில் வருகின்றன. எல்லாம் ஒரே பெட்டியில் வந்து விழும், கை ஓய்ந்தவர் எடுத்துப் பதில் எழுதுவார். போன குளிர்காலத்தில் ஒரு அம்மாவுக்கு, சுவிட்சை மாற்றித் தருகிறோம் என்று ஹத்தா எழுதினார். அதே அம்மாவுக்கு, நீங்கள் துவைத்ததுதான் தப்பு என்று தமாயோ எழுதினாள். வேறு சிலருக்குப் பதிலே போகவில்லை. அதன் பிறகுதான் கச்சோ, அதாவது பிரிவுத் தலைவர் குவாகி, மென்பொருள் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார். முடிவு அவருடையது, தேர்வு தமாயோவுடையது. ஏதாவது தப்பாகப் போனால் யார் தலை உருளும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

தமாயோவுக்கும் தெரியும். முன்பு கம்பெனிக்குப் புதிய போன் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த செகாவா இப்போது கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணுகிறான். உராஹாமாவில் யாரையும் வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள். வெளியே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஜன்னல் இல்லாத அந்தக் கிடங்கில் நாள் முழுக்க நின்றவனைக் கேட்டால் தெரியும் அந்தப் பெருமை.

தமாயோ ஐந்து மென்பொருள்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் என்ன கெடுதல் வரலாம் என்றுதான் முதலில் தேடினாள். கடைசியில் ஒன்றை எடுத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் அது ஒரு டிக்கெட், அதாவது எண் போட்ட புகார்ச் சீட்டு ஆக்கும், யார் கையில் இருக்கிறது என்று காட்டும். பிரச்சினை தீர்ந்தால் மூடிவிடலாம். அதே வாடிக்கையாளர் மறுபடி எழுதினால் டிக்கெட் தானாகத் திறந்துகொள்ளும். யாரும் விட்டுப்போக மாட்டார்கள் அல்லவா, அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. திறந்திருக்கும் டிக்கெட்டுகளின் எண்ணிக்கை சுவரில் பெரிய திரையில் தெரியட்டும் என்றது குவாகியின் யோசனை.

எண்ணிக்கை சாயங்காலம் இறங்க வேண்டும். அது ஏறியது. நால்வரும் தலை நிமிராமல் பதில் எழுதினார்கள், அப்படியும் ஏறியது. நூறு தாண்டி, இருநூறு தாண்டிப் போனது. குவாகி வயிற்றுவலி மாத்திரையைச் சப்பிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நிற்பார், ஒன்றும் பேசாமல் போவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தமாயோ சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியிலேயே மூடிவிடுவாள். செகாவாவின் முகம் கண்ணிலேயே நின்றது.

ஒரு நாள் ஹத்தா ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, பெயரோடு 'சான்' என்ற மரியாதையும் சேர்த்துக் கூப்பிட்டார். "தமாயோ சான், இங்க வந்து இதப் பாரு. இந்த ஷிகா ஊர் அம்மாவுக்கு சுவிட்ச் மாத்திக் குடுத்து வேலை முடிஞ்சு போச்சு. அவங்க நன்றின்னு எழுதினாங்க. டிக்கெட் தொறந்துக்கிச்சு. நீ என்ன பண்ணின?"

"நன்றி சொன்னதுக்கு நன்றின்னு எழுதிட்டு மூடினேன்."

"அவங்க, வேலைக்கு நடுவுல பதில் போட வெச்சதுக்கு மன்னிக்கணும், ரொம்ப நன்றின்னு எழுதினாங்க. மறுபடி தொறந்துக்கிச்சு. நீ?"

"பதில் போடாம எப்படி விடறது ஹத்தா சான்? மரியாதையா இருக்காதே."

"உன் மரியாதைதான் சுவத்துல ஏறி உக்காந்திருக்கு, பாத்துக்கோ. நானூத்துச் சொச்சம்! அடுத்த குளிர்காலம் வரைக்கும் நீயும் அந்த அம்மாவும் மாறி மாறிக் கும்பிட்டுக்கிட்டே இருங்க."

பகுதிநேரப் பெண்கள் சிரித்தார்கள். தமாயோவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உடனே அடங்கியது. மென்பொருள் விற்பனையாளர் சகைதேக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் ஒரு பெட்டி பலகாரத்தோடு வந்து, இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கி, ஒரு பொத்தானைக் காட்டினார்.

"இத மட்டும் போட்டு விடுங்க. நன்றிக் கடிதம் வந்தா சாஃப்ட்வேரே படிச்சுப் பாத்து மூடிடும். உங்களுக்கு வேலையே இல்ல."

தமாயோ அதைப் போட்டாள். திரையில் எண்ணிக்கை மளமளவென்று சரிந்து முப்பதுக்குக் கீழே வந்து நின்றது. குவாகி கைதட்டினார். வெள்ளிக்கிழமை முதலாளி ஒப்பந்தத்தில் முத்திரை வைப்பார் என்று அங்கேயே சொல்லிவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் தமாயோ சோற்று உருண்டையை முழுதாகத் தின்றாள்.

அன்று வீட்டுக்குப் போகும் ரயிலிலேயே சந்தேகம் முளைத்துவிட்டது. நன்றிக் கடிதம் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? மறுநாள் காலை சகைதேக்கு ஒரு கடிதம் எழுதினாள். குளிர் கூடிவிட்டது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று ஆரம்பித்தாள். வேலைகளுக்கு நடுவே நேரில் வந்ததற்கு நன்றி சொன்னாள். பலகாரத்தை எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டதாகச் சொல்லி, அதற்கும் நன்றி சொன்னாள். கடைசியில், மிகச் சின்ன விஷயம், தொந்தரவுக்கு மன்னிக்கவும், அந்தப் பொத்தான் ஒரு கடிதத்தை எதுவரை படிக்கும் என்று கேட்டு முடித்தாள்.

பதில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. கேட்டது தப்போ, அவரைச் சந்தேகப்படுவது போல இருந்ததோ என்று எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்து மருகினாள். வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, கடைசியில் கூப்பிட்டாள்.

"கடிதமா? அப்படி ஒண்ணும் வரலையே..." என்று தேடினார் சகைதே. "ஆ, இருக்கு இருக்கு! மூடினதுல கெடக்கு. நன்றின்னுதானே எழுதியிருந்தீங்க?"

"உங்க ஆபீஸ்லயும் இதே சாஃப்ட்வேரா?"

"பின்ன? விக்கிற சரக்க நாங்களே பயன்படுத்தலேன்னா எப்படி?" என்று பெருமையாகச் சிரித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தமாயோ போனை வைத்தாள். இந்த நாட்டில் யார்தான் விஷயத்தை முதலில் எழுதுகிறார்கள்? நன்றி சொல்லி, மன்னிப்புக் கேட்டு, எதிராளி மனம் கோணாமல் சுற்றி வளைத்து, கடைசியில் அல்லவா எழுதுவோம்! அவளே அப்படித்தானே எழுதினாள்.

"ஹத்தா சான்! மூடினதெல்லாம் எடுங்க. எல்லாரும் படிங்க. அடிவரைக்கும் படிங்க!"

அவள் குரல் உயர்ந்து அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. நால்வரும் உட்கார்ந்து படித்தார்கள். பெரும்பாலும் வெறும் நன்றிதான். ஒவ்வொன்றும் வெறும் நன்றியாகவே இருக்க வேண்டுமே என்று தமாயோ உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தாள். பாதி வழியில் அக்கிதா ஊரிலிருந்து ஓனோதெரா என்ற பெரியவரின் கடிதம் வந்தது. இங்கே பனி கூரைவரை ஏறிவிட்டது, போன மாதம் சுவிட்ச் பற்றி அன்போடு விளக்கியதற்கு நன்றி, தனியாக இருக்கிற கிழவனுக்கு உங்கள் கம்பளிதான் துணை, நன்றி. அதற்கெல்லாம் கீழே ஒரே வரி: கால்மாட்டு ஓரம் கொஞ்சம் மஞ்சளாகியிருக்கிறது, லேசாக ஒரு வாடை, சூடு நன்றாக இருப்பதால் பரவாயில்லை.

ஹத்தா எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "மஞ்சள்னு எழுதறாரா? நம்மாளுங்க பாதி கருகினதத்தான் மஞ்சள்னு எழுதுவாங்க. கூப்பிடு. சீக்கிரம் கூப்பிடு."

கடிதம் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. போன் அடித்தது. எடுக்க ஆளில்லை. மறுபடி கூப்பிட்டாள். மணி அடிக்க அடிக்க, பனிக்குள் புதைந்த ஒரு வீடும் அதற்குள் ஒரு படுக்கையும் அவள் கண்முன் வந்தன. அதற்கு மேல் வந்ததை அவள் நினைக்க விரும்பவில்லை, ஆனாலும் வந்தது. அந்தப் பொத்தானைப் போட்டது அவள் கை.

குவாகி கதவைத் திறந்துகொண்டு வந்தார். "நிஷிவாகி சான், முதலாளி முத்திரையோட உக்காந்திருக்கார். என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

ஹத்தா விஷயத்தைச் சொன்னார்.

"அந்த ஊர் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிடலாம்" என்றாள் தமாயோ, போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

"தீயணைப்பா? கம்பெனி பேர் என்ன ஆகறது? மொதல்ல மேல கேட்டுட்டு..."

"கச்சோ, மன்னிக்கணும். கொஞ்சம் சும்மா இருங்க."

அந்தப் பக்கம் போன் எடுக்கப்பட்டது.

"ஓனோதெரா பேசறேன். பனி தள்ளிட்டிருந்தேன், காதுல விழல."

தமாயோவுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "ஐயா, உராஹாமா கம்பளியிலேர்ந்து பேசறேன். அந்தக் கம்பளிய இன்னும் போத்திக்கிறீங்களா?"

"நேத்தும் போத்திட்டுத்தான் படுத்தேன். நான் எழுதினதுக்குப் பதில் வரலயா, அப்ப ஆபத்து ஒண்ணுமில்ல போலன்னு நெனச்சேன். இருந்தா நீங்க சொல்லாம விட்டுருப்பீங்களா?"

"ஐயா, இப்பவே போய் பிளக்கப் பிடுங்கிடுங்க. நான் போன்லயே இருக்கேன்."

செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம் தூரமாகப் போயிற்று. சத்தம் மெதுவாகத் திரும்பி வந்தது.

"பிடுங்கிட்டேன். அந்த எடம் கறுத்துப்போயிருக்கும்மா, கை வெச்சா பொடியா உதிருது. வேலை நேரத்துல உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்கணும்."

"நீங்க மன்னிப்புக் கேக்காதீங்க ஐயா" என்று தமாயோ அழுதேவிட்டாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். வயதான உராஹாமா முத்திரையைக் கையில் வைத்தபடி நடந்ததையெல்லாம் கேட்டார். குவாகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொத்தான அணைச்சிட்டேன். எண்ணிக்கை மறுபடி நானூத்துக்கு மேல. இனிமே அது இறங்காது" என்றாள் தமாயோ. "சாஃப்ட்வேர் இதுவே இருக்கட்டும், யார் கடிதமும் தொலையாது. ஆனா மூடறத மனுஷங்கதான் படிச்சுட்டு மூடணும். தேர்ந்தெடுத்தது நான். பொத்தானப் போட்டதும் நான். கிடங்குக்கு அனுப்பறதா இருந்தா..."

"கிடங்குல ஏற்கெனவே ஆள் இருக்கான்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார் முதலாளி. "அந்தப் பெரியவருக்குப் புதுக் கம்பளி இன்னைக்கே போகட்டும்."

சுவரில் அந்த எண்ணிக்கை இன்னமும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பார்க்கப் பொறுக்காமல் குவாகி அதன்மேல் ஒரு நாள்காட்டியை மாட்டிவிட்டார். தமாயோ இப்போது எந்தக் கடிதத்தையும் கீழிருந்து மேலாகத்தான் படிக்கிறாள். அந்த வாரக் கடைசியில் ஓனோதெராவின் டிக்கெட் மறுபடி திறந்துகொண்டது. அவள் நேராக அடிக்குப் போனாள். புதுக் கம்பளி கதகதப்பாக இருக்கிறது, இந்த முறை விஷயம் ஒன்றும் இல்லை, நன்றி சொல்லத்தான் எழுதினேன் என்று இருந்தது.

அதை மூன்று தடவை படித்தாள். நம்பிக்கை வராமல் போனை எடுத்தாள்.