மைக்ரோஸ்கோப்போடு திருவொற்றியூருக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூருக்குப் போனேன். கோயிலுக்கு இல்லை, படிக்க. எம்பிபிஎஸ் முதலாண்டு திசுவியல் செய்முறைத் தேர்வு புதன்கிழமை. மாதிரித் தேர்வில் பத்து ஸ்லைடில் நான் சரியாகச் சொன்னது மூன்றே மூன்று. என் வகுப்புத் தோழி ஜெனிட்டா மாடிப்படியில் விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஒரு மாதமாகத் திருவொற்றியூர் வீட்டில் இருந்தாள். கல்லூரி ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கும் ஸ்லைடுகளை லேப்டாப்பிலேயே படித்து முடித்துவிட்டாள். ஆனால் தேர்வில் வைப்பது நிஜ மைக்ரோஸ்கோப். அதைத் தொட்டே நாளாச்சு என்று போனில் பயந்தாள். சீனியர் அக்காவின் பழைய மைக்ரோஸ்கோப்பையும் சில ஸ்லைடுகளையும் நான் கொண்டுபோவது, அடையாளம் காண அவள் எனக்குச் சொல்லித்தருவது என்று பேசிக்கொண்டோம்.

ஏர்போர்ட் மெட்ரோவில் காலை 8.10க்கு ஏறினேன். டிக்கெட் ஐம்பது ரூபாய், மைக்ரோஸ்கோப் இருந்த மரப்பெட்டி நாலு கிலோ. செக்கிங்கில் லென்ஸ் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். தண்டையார்பேட்டை தாண்டி ரயில் மேலே ஏறியதும் கிழக்குப் பக்க ஜன்னலில் கடல். 9.25க்குத் தேரடி ஸ்டேஷனில் இறங்கினேன். ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்துத் தையல் மிஷினா என்று கேட்டார். அறுபது ரூபாய் வாங்கினார்.

ஜெனிட்டா லேப்டாப்பில் பெயர்களைக் காகிதம் ஒட்டி மறைத்து வைத்திருந்தாள். முதல் ஸ்லைடிலேயே முழித்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன்: லேபில் மூலை உடைந்த ஸ்லைடு மண்ணீரல், மைக்கறை பட்டது தைராய்டு, இப்படித்தான் மனப்பாடம் பண்ணியிருந்தேன். திரையில் உடைசலும் இல்லை, கறையும் இல்லை. அவள் கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உடனே பெர்சாக்காத. மொதல்ல மொத்தமா பாரு" என்றாள். தடித்த சுவருள்ள ஒரு குழாயைச் சிறுநீர்க்குழாய் என்றேன். தசை எத்தனை அடுக்கு, நடுவில் துளை எவ்வளவு சின்னது என்று பார்க்கவைத்தாள். அது விந்துக்குழாய். ஒரு மணிக்குள் பத்துக்கு ஏழு வந்துவிட்டது.

வஞ்சிரம் குழம்பு சாப்பிட்ட பிறகு அவள் முறை. கண்ணை வைத்துக்கொண்டே, லென்ஸை ஏற்றி இறக்கும் பெரிய திருகைக் கீழே திருப்பினாள். லென்ஸ் இடித்து ஸ்லைடு உடைந்தது. முகம் செத்துப்போச்சு. இந்தத் தடவை தேர்வே வேண்டாம், துணைத்தேர்வில் எழுதிக்கொள்கிறேன் என்றாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் அப்பா எட்டிப் பார்த்தார்.

"காலே ஒட்ஞ்சு கூடிக்கினு கீது. கண்ணாடி இன்னா பெர்சு?"

பக்கவாட்டில் பார்த்தபடி லென்ஸை இறக்கு, கண்ணை வைத்த பிறகு மேலே மட்டும் ஏற்று என்று காட்டினேன். நாலாவது தடவை சிறுநீரகத்தின் உருண்டைகள் பளிச்சென்று தெரிந்தன. "லேப்டாப்ல பாத்ததவிட அழகா கீது" என்றாள்.

இப்படிப் படிக்க நினைப்பவர்களுக்கு: செல்போன் திரை போதாது, லேப்டாப் வேண்டும். பெயர்களை மறைத்துவிடுங்கள். திரையில் அடையாளம் பிடிபட்ட பிறகு கட்டாயம் நிஜ மைக்ரோஸ்கோப்பில் நாலு ஸ்லைடாவது பாருங்கள். உதிரி ஸ்லைடு கையில் இருக்கட்டும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

புதன்கிழமை ஜெனிட்டா ஸ்டூலில் கால் நீட்டித் தேர்வு எழுதினாள். வெளியே வந்து விடைகளைச் சரிபார்த்தோம். ஊன்றுகட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆட்டோவோடு காத்திருந்த அப்பாவிடம் ஒன்பது விரலைக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ எத்தினிம்மா?"

எட்டு என்றேன். என் பையையும் வாங்கி ஆட்டோவுக்குள் வைத்தார்.