ஊருக்குத் தெரியாமல் காப்பாற்று என்று கேட்டேன்

கோமதி அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் சங்கரன்கோவில் ஆவுடையம்மாள் எழுதுவது. இதை எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து, வெட்கப்பட்டு எழுந்துவிட்டேன். அம்பாள் எங்கள் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அதைச் சொன்னால் எங்கள் வீடு ஏலத்துக்கு வந்ததையும் சொல்லியாக வேண்டும். அங்கேதான் பேனா நின்றுவிடும்.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்துக்குப் பருத்தி ஜின்னிங் மில்லில் எடை போட்டுக் கணக்கெழுதும் வேலை. எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சொந்த வீடு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது நான்தான். வாசுதேவநல்லூரில் அப்பா எனக்குக் கொடுத்த வயலை விற்று இங்கே மனை வாங்கினோம். மனைப் பத்திரத்தை வீடு கட்டும் சங்கத்தில் அடமானம் வைத்துக் கடன் எடுத்து வீட்டைக் கட்டினோம். எங்கள் தெருவில் அதுதான் முதல் காரை வீடு. பால் காய்ச்சிய அன்று வந்தவர்களையெல்லாம் நானே கூட்டிப்போய் அறை அறையாகக் காட்டினேன்.

முதலில் சில வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும், அப்புறம் அசலும் சேர்ந்து தவணை கூடும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குள் சம்பளமும் கூடிவிடும் என்று நினைத்தோம். தவணை சொன்னபடி கூடியது. சம்பளம்தான் கூடவில்லை. மழை தவறிவிட்டது. பனவடலிசத்திரம் பக்கமிருந்து வர வேண்டிய பருத்தி வண்டிகள் வரவே இல்லை. மில்லில் மாதத்தில் பாதி நாள்தான் வேலை. முதலில் சம்பளத்தில் பாதியைத் தவணைக்குக் கொடுத்தோம். அப்புறம் முக்கால்வாசி. கடைசியில் முழுச் சம்பளத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் தவணைக்குக் காணவில்லை. கட்டாமல் விட்ட மாதத்துக்கு அபராத வட்டி வேறு ஏறியது.

என் வளையல் போனது. பால் வாங்குவதை நிறுத்தினோம். எங்கள் தெருக் கடையில் குருணை அரிசி கேட்க வெட்கப்பட்டு, நான்கு தெரு தள்ளிப் போய் வாங்கினேன். கோழிக்குப் போட என்று சொன்னேன். ஒருநாள் அந்தக் கடைக்காரர், "எத்தனை கோழிக்கா வளக்கீங்க?" என்று சிரிக்காமல் கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கும் நான் போகவில்லை.

சங்கத்தின் வசூல்காரர் வந்தால் நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எதிர்வீட்டுச் சண்முகவடிவு அக்காவுக்குக் குரல் பெரிது. ஒருநாள் அவள் தன் வாசலில் இருந்தே, "அவ உள்ளதான் இருக்கா. நல்லாத் தட்டுங்க அண்ணாச்சி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். நான் வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"நீங்க ஒளிஞ்சா எனக்குல்லாம்மா சங்கடமா இருக்கு" என்றார் அந்த மனிதர். "ரெண்டு மாசத்தையாவது கட்டப் பாருங்க. இன்னும் போனா ஏலத்துக்கு எழுதிருவாக."

எழுதியும்விட்டார்கள். பங்குனி மாதம் ஒரு மத்தியானம் ஏல நோட்டீசை எங்கள் முன்சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பசை ஈரம்கூடக் காயவில்லை. நான் துவைத்து வைத்திருந்த சேலையை எடுத்து வந்து அதை மறைத்துக் கொடி கட்டிக் காயப்போட்டேன். சாயங்காலம் வேலை விட்டு வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"ஏட்டி, சேலையை எதுக்கு இங்கன காயப் போட்டிருக்க?"

அவரே விலக்கிப் பார்த்தார். முழுவதும் படித்தார். பிறகு சேலையை முன்பு இருந்தபடியே இழுத்து, ஓரம் தெரியாமல் நீவிவிட்டு உள்ளே வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தெருவில் யாரும் பார்க்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம். எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் போயிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். அம்பாள் சந்நிதிக்கு முன்னால் சக்கரம் பதித்த குழி இருக்கிறது. தீராத நோய் உள்ளவர்களும் மனம் பேதலித்தவர்களும் அதில் உட்கார்ந்து வேண்டிக்கொள்வார்கள். அதில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள், இவளுக்கு என்ன வந்தது என்று கேட்பார்களே என்று பயந்து தூணோரமாகவே நின்றேன். கூட்டம் குறைந்ததும், முந்தானையை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு ஒரு ஸ்லோகமும் வாயில் வரவில்லை.

"அம்மா, வீட்டக் காப்பாத்திக் குடு. ஊருக்குத் தெரியாமக் காப்பாத்து. மாவிளக்கு போடுதேன்" என்றேன். இவ்வளவுதான் என் பிரார்த்தனை. திரும்பத் திரும்ப இதையே சொல்லி அழுதேன்.

அடுத்த வாரமே ஒரு அம்மாள் தன் தம்பியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். பெயர் ஆயிஷா பீவி. கடையநல்லூர்க்காரி. புருஷன் சவுதியில் வேலை பார்த்து அனுப்பும் பணத்தில் எங்கள் ஊரில் விசைத்தறி போட்டிருந்தார்கள். தம்பி அதைப் பார்த்துக்கொண்டார். குடும்பத்தோடு இங்கே வந்துவிட வீடு தேடினார்கள்.

"வீடு வாடகைக்கு விடுவீங்களாம்மா?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"எதுத்த வீட்டு அக்காதான். வீடு கெடைக்கலியேன்னு நூல்கடை வாசல்ல பேசிக்கிட்டு நின்னோம். நீங்க வீட்டுக் கடன்ல சிரமப்படுதீகன்னு சொன்னாக. போயிக் கேட்டுப் பாருங்கன்னாக."

எனக்கு முகம் எரிந்தது. நூல்கடை வரைக்கும் போய்விட்டது எங்கள் கதை. கதவைச் சாத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல், வெயிலில் நின்றபடியே சொன்னாள்:

"நாங்க ஆறு பேரு. நூல் மூட்டையும் வைக்கணும். முன்வீடு முழுசும் வேணும். முன்பணம் கூடவே தாரேன். வாடகை ஒங்க தவணைக்குக் காணுத மாதிரி பாத்துக்கிடலாம்."

முன்வீடு என்றால் எங்கள் வீடு முழுவதும்தான். அதை விட்டால் பின்னால், மாடு கட்டி விறகு போட்டிருந்த ஓட்டுச் சாய்ப்பு ஒன்று உண்டு. மாட்டை விற்று ஒரு வருடம் ஆகியிருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாம கட்டுன வீட்ல இன்னொருத்தரு இருப்பாக, நாம மாடு கெடந்த எடத்துல கெடக்கணுமா? அதுக்கு ஏலத்துலயே போயிரட்டும்."

"ஏலத்துல போனா தெருவுலல்லா நிக்கணும்? சாய்ப்புன்னாலும் அது நம்ம சாய்ப்புதான" என்றேன். தைரியமாகச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அதே அவமானம்தான். நான் கேட்டதில் முதல் பாதியை அம்பாள் அப்படியே கொடுத்துவிட்டாள். ஊருக்குத் தெரியாமல் என்ற பாதியை அவள் காதிலேயே வாங்கவில்லை. அன்று அது எனக்கு அருளாகத் தெரியவில்லை. தண்டனையாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் அவர் சுண்ணாம்பு கரைத்துச் சாய்ப்புக்கு வெள்ளையடித்தார்.

முன்பணத்தைக் கொண்டுபோய் நிலுவையைக் கட்டினோம். ஏலத்தை நிறுத்தினார்கள். வசூல்காரரே வந்து தண்ணீர் தெளித்து நோட்டீசைச் சுரண்டி எடுத்தார்.

நாங்கள் பின்னால் போன அன்று தெருவே வாசலில் நின்றது. ஒவ்வொரு பானையாக, ஒவ்வொரு பாயாக நான் முன்வாசல் வழியாக எடுத்துக்கொண்டு சந்து சுற்றிப் பின்னால் போனேன். எத்தனை நடை நடந்தாலும் சாமான் தீரவில்லை. மரப்பெட்டியைத் தூக்க முடியாமல் நின்றபோது சண்முகவடிவு அக்கா வந்து மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"நான்தான் அந்தம்மாட்டச் சொன்னேன். கோவமா?"

"ஆமாக்கா."

"இருக்கட்டும். ஒம் பக்கத்த நல்லாத் தூக்கு."

அந்த வைகாசியில் வாசுதேவநல்லூரிலிருந்து அம்மா வந்தாள். நாங்கள் எழுதித் தெரிவிக்கவில்லை. முன்வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். ஆயிஷாம்மாதான் வந்து கையைப் பிடித்துப் பின்னால் கூட்டி வந்தாள். அம்மா சாய்ப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வயலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கஞ்சியைக் குடித்துவிட்டு மத்தியானப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மழைக்காலத்தில் சாய்ப்பு ஒழுகியது. பிள்ளைகள் கூடப் படிக்கிறவர்களை வீட்டுக்குக் கூட்டி வருவதில்லை. நான் தண்ணீர் எடுக்கக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கிணற்றடிக்குப் போவேன். ஒருநாள் ஆயிஷாம்மா அங்கே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்காரம்மா, நடுவீட்டுச் செவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கிடட்டுமா?"

"இதுக்குப் போயிக் கேக்கணுமா? அடிச்சுக்கிடுங்க."

"கேக்காம அடிக்கலாமா? ஒங்க வீடுல்லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் என் பக்கத்தில் கிணற்று மேடையில் உட்கார்ந்தாள். "ஒங்ககிட்ட வாரதுக்கு முன்ன நாலு வீட்ல இல்லன்னுட்டாக. ஆளு ஜாஸ்தின்னாக. எங்க ஆள்களுக்கு விடமாட்டோம்னு நேராவே சொன்னாக. எனக்கும் வெக்கமாத்தான் இருந்திச்சு. தொழுகைல துவா கேட்டுக்கிட்டேதான் ஒங்க கதவத் தட்டுனேன்" என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறாள் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அவர்கள் தறியில் தார்க் குச்சியில் நூல் சுற்றும் வேலைக்கு நானும் போனேன். எடைக் கணக்கர் பெண்டாட்டி தறிக்குப் போகிறாள் என்று பேசினார்கள். பேசட்டும் என்று எடுத்தவுடன் நினைக்க முடியவில்லை. போகப் போகப் பழகியது. மறு வருடம் மழை பெய்தது, மில் ஓடியது. வாடகை தவணைக்குப் போனது. என் கூலியும் அவர் சம்பளமும் சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் போதுமானதாக இருந்தன. இப்படியே சில வருடங்களில் அசலை முடித்தோம். ஆயிஷாம்மா குடும்பம் சொந்தமாக வீடு வாங்கிப் போனபோது எங்கள் பிள்ளைகள் இருவரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே போனார்கள். அந்த ஆடியில் மாவிளக்குப் போட்டு என் நேர்த்திக்கடனைத் தீர்த்தேன்.

இப்போதும் எனக்குக் கூச்சம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் ரேஷன் கடை வரிசையில் யாராவது, வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்று மெதுவாகச் சொன்னால், எங்கள் வீடு ஏலத்துக்கு வந்த கதையை நான் நாலு பேர் கேட்கத்தான் சொல்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நெருக்கடி இருந்தால் அம்பாளிடம் கேளுங்கள். கட்டாயம் கொடுப்பாள். எப்படிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவள் அனுப்புகிற ஆள் உங்கள் கஷ்டத்தையெல்லாம் கேள்விப்பட்டுத்தான் வருவார். வெட்கப்பட்டுக்கொண்டே என்றாலும் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுங்கள்.